சாவுக்கு மட்டும் டெலிபோன்

புதுச்சேரி,
மாசி, 1962.

தம்பி,

இதை உன் பெட்டியில் கம்பளிக்கு அடியில் வைக்கிறேன். ரயிலில் பிரித்துப் படிக்காதே, உன்னோடு பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர வருகிற பையன்கள் எட்டிப் பார்ப்பார்கள். பம்பாயில் கப்பல் ஏறிக் கரை மறைந்த பிறகு படி. அப்போது உனக்கு என்ன கோபம் வந்தாலும் திரும்பி வந்து என்னிடம் கத்த முடியாது. அதை யோசித்துத்தான் இப்படிச் செய்கிறேன். உன் அம்மாவின் குணம் உனக்குத் தெரியாததா?

போன வாரம் உன் சட்டைகளுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "நான் போறதுல அவருக்கு சந்தோஷம்தானம்மா?" என்று கேட்டாய். அப்பாவுக்கு என்று உன் வாயில் வரவில்லை. அவருக்கு என்றாய். நான் கரி எடுத்து வருகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். பதில் தெரியாமல் போகவில்லை. பதில் தெரிந்துதான் போனேன். ஜெயிலிலிருந்து வந்த பிறகு இத்தனை வருஷத்தில் உங்கப்பா உன்னைத் தொட்டதில்லை. கொஞ்சவில்லை என்பது இருக்கட்டும், ஒரு அடிகூட அடித்ததில்லை. எதிர்வீட்டுப் பையன் அவன் அப்பனிடம் பெல்ட்டால் வாங்கியபோது நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாய். உன் முகத்தில் இருந்தது பயம் இல்லை, ஏக்கம். பெற்றவள் எனக்கு அது தெரியாதா?

இன்னொரு கேள்வியையும் நீ பன்னிரண்டு வயசிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி எதற்காகக் காலாப்பட்டுக்கு மாமன் வீட்டுக்கு அனுப்பினேன் என்று. வீட்டில் சோறில்லை என்று ஒரு நாள் சொன்னேன், ஊரில் பேதி பரவுகிறது என்று ஒரு நாள் சொன்னேன். இரண்டும் பொய் இல்லை. ஆனால் அதற்காக அனுப்பவில்லை. உன்னுடைய இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். உன்னை நான் கொன்றுவிட்டேன். டெலிபோனில் கொன்றேன். செத்த பிள்ளை தெருவில் திரியக்கூடாதே, அதனால் மறைத்து வைத்தேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. உங்கப்பா மில்லில் மேஸ்திரி மண்டையை உடைத்துவிட்டு உள்ளே போனார். மேஸ்திரி பிழைத்துக்கொண்டதால் இரண்டு வருஷத் தண்டனையோடு விட்டார்கள். உங்கப்பாவுக்கு மூக்கு நுனியில் கோபம், எனக்கு நாக்கு நுனியில் கோபம். எங்கள் இரண்டு பேருக்கும் பிறந்த நீ எப்படி இவ்வளவு சாதுவாக இருக்கிறாய் என்று ஊரே கேட்கும். சாது இல்லை, வாயடைத்து வளர்ந்த பிள்ளை. அதற்கும் காரணம் நாங்கள்தான்.

வாரத்துக்கு ஒரு தரம் மனு போட்டுப் போய்ப் பார்ப்பேன். இந்தப் பக்கம் ஒரு வலை, அந்தப் பக்கம் ஒரு வலை, நடுவில் வார்டர். இருபது பொம்பிளைகள் இருபது ஆம்பிளைகளைப் பார்த்துக் கத்துவார்கள். அதில் புருஷன் சொல்வது பாதி கேட்கும், பக்கத்தில் இருப்பவளின் புருஷன் சொல்வது முழுசாகக் கேட்கும். அப்படியிருந்தும் அந்த நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் உயிரோடு இருந்தேன்.

ஜெயிலர் ரூமில் ஒரு டெலிபோன் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கைதி அதைத் தூர இருந்து பார்த்தாலே அடி விழும் என்பார்கள். புதிதாக வந்த ஜெயிலர் மனுஷன். வெளியூரிலிருந்து வந்தவர், நெற்றி நிறையத் திருநீறு. அவர் ஒரு ஏற்பாடு செய்தார். கைதி வீட்டில் சாவு விழுந்தால் வெளியிலிருந்து போன் பண்ணலாம், ஆளைக் கூட்டிவந்து கொடுப்பார்கள், மூன்று நிமிஷம் பேசலாம். சாவுக்கு மட்டும். கல்யாணம், பிள்ளைப்பேறு, வீடு தீப்பிடித்தது எதற்கும் கிடையாது.

சும்மா கிடைக்காது, தம்பி. ஜெயில் இருந்த தெருமுனையில் ஒரு செட்டியார் மளிகை மொத்தக் கடை வைத்திருந்தார். அந்தத் தெருவில் டெலிபோன் அவரிடம்தான் இருந்தது. அந்தக் கடையிலிருந்து பார்த்தால் ஜெயில் சுவர் தெரியும். சத்தமாகக் கூப்பிட்டால் உள்ளே கேட்கும். அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனுஷனோடு பேச மெட்ராஸுக்குப் பேசுகிற காசு வாங்குவார். "துக்கக் காரியம்னு கொறச்சி வாங்கறேன்மா" என்று வேறு சொல்வார். கைதியைக் கூட்டி வருகிற வார்டருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். உள்ளே கைதி கயிறு திரித்த கூலியில் ஜெயில்காரர்களும் தங்கள் பங்குக்குப் பிடித்துக்கொள்வார்கள். பேசினவன், கேட்டவன், கூட நின்றவன் எல்லாருக்கும் காசு போகும். செத்தவன் ஒருத்தன்தான் இலவசம்.

நம் சனங்களைப் பற்றித் தெரியாதா உனக்கு? அந்த வருஷம் புதுச்சேரியில் எமனுக்குத் தெரியாமல் எத்தனையோ கிழவர்கள் செத்தார்கள். ஒருத்தியின் மாமனார் மூன்று தரம் செத்தார், மூன்று தரமும் காலையில் எழுந்து கடைக்குப் போய் டீ குடித்தார். நானும் ஒரு தரம் உங்கப்பாவின் சித்தப்பாவைச் சாகடித்திருக்கிறேன். உங்கப்பா போனில், "அல்லோ, அவருதான் மூணு வருஷத்துக்கு முந்தியே பூட்டாரே" என்று சொல்லித் தொலைத்தார். நல்ல வேளை, வார்டர் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். ஜெயிலருக்கு விஷயம் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை. எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாராம்: இனி பெண்டாட்டி, பிள்ளை இரண்டுக்கு மட்டும்தான் போன். அதிலும் ஒரு பொய் வெளியே வந்தால் எல்லாருக்கும் நிறுத்திவிடுவேன் என்று. பிள்ளையைச் சாகடித்து யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று அந்த மனுஷன் நம்பினார்.

மழைக்காலத்தில் ஜெயிலுக்குள் பேதி வந்தது. வாசல் கதவைச் சாத்திவிட்டார்கள். மனு கிடையாது, சாப்பாடு கொண்டுபோக முடியாது. நாங்கள் வெளியே மழையில் நின்றோம். ஒரு நாள் காலையில் பின்பக்கக் கதவு வழியாக முனிசிபாலிட்டி வண்டியில் பாயில் சுற்றி ஒரு உடம்பு போனது. பாயை மீறிக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. உங்கப்பா உயரம் உனக்குத் தெரியும். நான் வண்டியின் பின்னாலேயே ஓடினேன். வண்டிக்காரன் சாட்டையைத் திருப்பிப் பிடித்து என்னைத் தள்ளினான். வார்டரிடம் போய் யார் என்று கேட்டேன். "பேரு சொல்ல உத்தரவு இல்லம்மா. ஒம் புருஷனா இருந்தா காயிதம் வரும்" என்றான். காகிதம் எப்போது வரும் என்று கேட்டதற்கு, எழுதுகிற குமாஸ்தாவுக்கும் பேதி என்றான்.

நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நீ சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். உன் தலையைப் பார்த்தேன். நான் தாலியோடு இருக்கிறேனா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை, தம்பி. பூ வைத்துக்கொள்வதா, எடுத்து எறிவதா என்று தெரியாமல் ஒரு பொம்பிளை எத்தனை நாள் இருப்பாள்? பெண்டாட்டி, பிள்ளை, இந்த இரண்டு பேரில் ஒருவர் சாக வேண்டும். நான் செத்தால் போனில் பேச வேறு யாராவது போக வேண்டும். எனக்கு அவர் குரலை என் காதால் கேட்க வேண்டும். வேறு யார் வந்து நல்லாருக்காரு என்று சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அதனால் உன்னைச் சாகடித்தேன். ரொம்ப நேரம் யோசித்தேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். யோசிக்கவில்லை.

செட்டியார் கடையில் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று பேசினேன். அந்த நெடியில் கண்ணீர் தானாக வந்தது, அதற்குக்கூடச் சிரமப்படவில்லை. ஜெயிலர் எடுத்தார். பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். பேதி என்றேன். ஐயோ பாவமே என்றார். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. யாரோ நடந்து வருகிற சத்தம். "அல்லோ" என்று ஒரு குரல். உங்கப்பா குரல். உயிரோடு இருக்கிறார்.

அந்த நிமிஷம் என்னைப் போலச் சந்தோஷப்பட்டவள் உலகத்தில் யாரும் இல்லை. அதை மறைத்துக்கொண்டு, பிள்ளை போய்விட்டான் என்று சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும், ஜெயிலர் பக்கத்தில் இருக்கிறார், எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனும் கேட்பான். உங்கப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தண்ணி கேட்டானா?" பேதிக்காரன் தண்ணீர் கேட்பான் என்று அவருக்கு உள்ளே பார்த்துத் தெரிந்திருக்கிறது. கேட்டான், கொடுத்தேன் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வந்த சத்தத்தை நான் உனக்கு எழுத மாட்டேன். மூன்று நிமிஷம் ஆனதும் வைத்துவிட்டார்கள். நான் வெளியே வந்து பூக்காரியைக் கூப்பிட்டு ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். செட்டியார் என்னையே பார்த்தார். மகன் செத்து ஒரு நாழிகை ஆகாதவள் பூ வைக்கிறாளே என்று நினைத்திருப்பார். பிறகுதான் எனக்கு உறைத்தது, பிடுங்கிப் போட்டேன்.

மறுநாளே உன்னைக் காலாப்பட்டுக்கு அனுப்பினேன். ஜெயில் வார்டர்கள் குடியிருந்தது நம் பக்கத்துத் தெருக்களில்தான். உன்னிடம் காரணம் சொல்லவில்லை. பிள்ளை வாயில் எதுவும் தங்காது என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்பு என்றால் அது ஒன்றுதான். பொய் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது தப்பு.

பேதி அடங்கிக் கதவைத் திறந்தபோது முதல் ஆளாகப் போனேன். வலைக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு வந்தார். ஒரு சுற்று இளைத்திருந்தார். வார்டர் கோடியில் நின்ற நேரம் பார்த்து, "ஏங்க, பையன் நல்லா இருக்கான். காலாப்பட்டுல எங்கண்ணன் வூட்ல இருக்கான். உங்க கொரலக் கேக்கத்தான் அப்பிடிச் சொன்னேன்" என்றேன். ஓடி வந்து வலையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இத இன்னாடி பண்றது?" என்றார். தலையைத்தான் சொன்னார். பிறகு வலைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அஞ்சல புருஷன்தான் எனக்கு மொட்டை அடிச்சி தண்ணி ஊத்தினான். மூணு நாளு அவன் சோத்தப் பிசைஞ்சி எனக்கு ஊட்டினான். நீ வெளிய மூச்சு வுடாத. தெரிஞ்சா எல்லாருக்கும் போனப் புடுங்கிடுவாங்க. நான் வர்ற வரைக்கும் அவன் செத்தவந்தான்."

அஞ்சலையை எனக்குத் தெரியும். மனு வரிசையில் எனக்கு முன்னாலோ பின்னாலோ நிற்பாள். முத்தியால்பேட்டையில் மீன் விற்பாள். அவளுக்கும் ஒரே பிள்ளை, பெண். சில நாள் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குப் பாதி தெரியும். மாமன் வீட்டில் சொல்லாமல் காலாப்பட்டிலிருந்து நடந்தே டவுனுக்கு வந்தாய். வீட்டுக்கு வரவில்லை, நேராக ஜெயில் வாசலுக்குப் போனாய். உன் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லி, அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாய். சாயந்தரம் வீட்டுக்கு வந்து எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். வார்டர் கடலை வாங்கிக் கொடுத்தாராம். ஜெயிலர் நாற்காலியில் உட்காரவைத்து என்ன படிக்கிறாய் என்று கேட்டாராம். அப்பாவைக் காட்டவில்லை, ஆனால் எல்லாரும் ரொம்ப அன்பாக இருந்தார்கள் என்றாய். நான் உன்னை விளக்குமாற்றால் அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று இன்றுவரை உனக்குத் தெரியாது.

அன்றோடு போன் நின்றது. உங்கப்பாவுக்குத் தண்டனைக் கழிவு இல்லையென்று ஆனது, நாலு நாள் தனியறை வேறு. அதெல்லாம் எங்களுக்கு வர வேண்டியதுதான், வந்தது. அடுத்த வாரம் அஞ்சலையின் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விட்டது. நிஜமாகப் போய்விட்டது. அஞ்சலை செட்டியார் கடைக்கு ஓடினாள். ஜெயிலர் போனை எடுத்துச் சொன்னாராம்: "போன மழையில செத்த பையன் போன வாரம் இங்க நடந்து வந்து கடலை தின்னுட்டுப் போனான். உம் பொண்ணும் வருவா, போ." கோபத்தில் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. நான்தான் அந்த மனுஷனை அப்படி ஆக்கினேன். அஞ்சலை வாசலில் போய் முட்டிக்கொண்டாள், நெற்றி கிழிந்ததுதான் மிச்சம். அவள் புருஷனுக்கு அடுத்த மனு நாளில்தான் தெரிந்தது. அதற்குள் அந்தப் பெண்ணைப் புதைத்த இடத்தில் பால் ஊற்றி முடித்துவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் அஞ்சலை நம் வீட்டுக்கு வந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒம் புள்ளய கொஞ்சம் காட்டுக்கா" என்றாள். உன்னைக் கூப்பிட்டேன். உன் தலையைத் தடவினாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். அப்படியே போய்விட்டாள். அந்தப் பொம்பிளை பைத்தியமா அம்மா என்று கேட்டாயே, அவள்தான்.

இதில் உன் தப்பு எதுவும் இல்லை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கடலுக்கு நடுவில் இருக்கிறவனிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீ அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் அஞ்சலை புருஷனுக்குச் சேதி போயிருக்கும். நான் உன்னிடம் சொல்லியிருந்தால் நீ வந்திருக்க மாட்டாய். இரண்டும் உண்மை. சுமையில் பெரிய பங்கு என்னுடையது, ஆனால் உனக்கும் கொஞ்சம் உண்டு. உனக்கு வயசு வந்துவிட்டது, சுமந்துகொள். பொய்யே சொல்லாதே என்று புத்தி சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. சொல்வதானால் அதற்கு யார் காசு கட்டுகிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள். நான் செட்டியாருக்குக் கட்டினதோடு தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன்.

உங்கப்பா விடுதலையாகி வந்த அன்று நீ ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாய். அவர் ஒரு அடி பின்னால் போனார். அதைத்தான் நீ இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். கொஞ்ச நாள் பொறுத்து நான் சண்டை போட்டேன். "செத்த புள்ள உசுரோட வந்து நிக்கிது, தூக்கினா கொறஞ்சா பூடுவீங்க?" என்றேன். "எந்தக் கையால தூக்கறது? அஞ்சல புருஷன் எனக்கு ஊட்டினான். அவன் அழுதப்ப அவன் பக்கத்துல நான் போனேன், எழுந்து அந்தாண்ட போயி உக்காந்துக்கினான். இவனத் தூக்கினா அவன் மூஞ்சிதான் தெரியுது எனக்கு" என்றார். உன்னை வெறுத்து ஒதுக்கவில்லை, தம்பி. அதைவிட மோசமானது அது. வெறுப்பாக இருந்திருந்தால் ஒரு நாள் தீர்ந்திருக்கும்.

நாளைக்கு ஸ்டேஷனுக்கு அவர் வர மாட்டார். நீ காலில் விழுந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அதற்கும் தயாராக இரு. ஆனால் இன்று காலையில் முகம் கழுவிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டார். "பட்டாளத்துல சேரறப்ப எழுதிக்குவாங்க இல்ல, எதனா ஆச்சின்னா யாருக்குச் சொல்லணும்னு?" எழுதிக்கொள்வார்கள், மாமனார் பட்டாளத்துக்குப் போன காலத்திலேயே எழுதிக்கொண்டார்கள் என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

"செட்டியார் கடை நம்பர குடுக்க வேணாம்னு சொல்லு அவங்கிட்ட" என்றார். "எதுவா இருந்தாலும் கடுதாசி போடட்டும். மெதுவா வரட்டும். இன்னொரு தடவ என்னால போனுல கேக்க முடியாது."

இப்படிக்கு,
உன் அம்மா